அழைப்பிதழில் எந்த ஆண்டைப் போடுவது?

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு,

தூத்துக்குடி பனிமய மாதா திருநாள் அழைப்பிதழின் மாதிரியைப் பார்த்தேன். படம் அருமை. ஆனால் "1713 முதல்" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறதே, அதை அச்சுக்குப் போகும் முன் எடுத்துவிடுங்கள். அது இப்போது நிற்கும் கோயிலின் வயது. தூத்துக்குடிப் பங்கின் வயது அல்ல.

நம் பரதவ முன்னோர் திருமுழுக்குப் பெற்றது 1535 தொடங்கி இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள். சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தது 1542-இல். ஏற்கெனவே கிறிஸ்தவர்களாகியும் ஜெபம் தெரியாமல் இருந்தவர்களிடம்தான் அவர் மணியடித்துக்கொண்டு வந்தார். மாதாவுக்கென்று சேசு சபையார் எழுப்பிய முதல் கோயில் 1582-இல் அர்ச்சிக்கப்பட்டது. அந்தக் கணக்கில்தான் 1982-இல் நானூறாவது ஆண்டு கொண்டாடினோம், திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் பசிலிக்கா என்ற சிறப்புத் தகுதியும் தந்தார். 1713-இல் தொடங்கியது என்றால் அந்த நானூறு எங்கிருந்து வந்தது?

1713-ஐக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். எனக்கு மிகப் பிடித்த ஆண்டே அதுதான். 1658-இல் டச்சுக்காரர்கள் துறைமுகத்தைப் பிடித்தார்கள். பால்தேயுஸ் என்ற அவர்களுடைய புராட்டஸ்டண்ட் போதகர் வந்து பிரசங்கம் செய்து பார்த்தார், நம்மவர்கள் அசையவில்லை. மாதா சொரூபத்தைக் கொற்கைக்குக் கொண்டுபோய் வைத்துக் காத்ததாக என் பாட்டி சொல்வார். அதே டச்சுக் கும்பினியின் கொடி பறந்துகொண்டிருந்தபோதே விஜிலியுஸ் மான்சி சாமியார் 1712-இல் அடிக்கல் நாட்டி, மறு ஆண்டு ஆகஸ்ட் 5-இல் கோயிலை அர்ச்சித்தார். டச்சுக்காரர்கள் தங்களுக்கென்று ஊருக்குள் கோயில் கட்டிக்கொண்டது 1750-இல்தான்!

இன்னொன்று. சொரூபம் 1555-இல் மணிலாவிலிருந்து சந்த எலேனா கப்பலில் வந்தது என்று பின்பக்கத்தில் இருக்கிறது. சிறு வயதிலிருந்து நானும் அப்படியே கேட்டு வளர்ந்தவன். ஆனால் ஸ்பானியர்கள் மணிலாவைப் பிடித்ததே 1571-இல். இரண்டும் பொருந்தவில்லை. ஆகவே "என்பது ஊர் மரபு" என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள். மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள், நம் பெரியவர்கள் சிலர் கோபிக்கலாம்.

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கும் இரண்டு வரி ஒதுக்குங்கள்: உப்பளத்து வெயிலில் பனி எங்கிருந்து வந்தது? பனி ரோமாபுரிக் கதையில் பெய்தது; ஆகஸ்ட் வெயிலில் எஸ்குயிலின் குன்றின்மேல் பெய்ததாம். போர்த்துக்கீசியர் அந்த மாதாவை "தஸ் நேவிஸ்", அதாவது பனியின் மாதா, என்றார்கள். நாம் அதைத் தஸ்நேவிஸ் மாதாவாக்கி, பிள்ளைகளுக்கும் பெயராக வைத்துக்கொண்டோம்.

தங்கத்தேர் முதன்முதலில் ஓடியது 1806-இல். அது சரியாகவே இருக்கிறது. கடைசியாக 2023-இல் மறைமாவட்ட நூற்றாண்டுக்கு இழுத்ததையும் சேர்க்கலாம். ஆனால் மாதா கோயிலை "ஆயரின் தலைமை ஆலயம்" என்று எழுதியிருப்பது பிழை. ஆயரின் இருக்கை திரு இருதய ஆலயத்தில் இருக்கிறது.

திருத்திய படியை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள், எழுத்துப் பிழையும் பார்த்துத் தருகிறேன். மக்ரூன் பொட்டலத்துக்கு இந்த முறை யார் பொறுப்பு?