கறுப்பு பீர் உங்களுக்கு எப்போது பிடிக்க ஆரம்பித்தது?

வெம்பிளிவாசி:

போன வாரம் வீட்டுக்கு வந்த நண்பர் என் கையிலிருந்த கோப்பையைப் பார்த்து, "இந்தக் கஷாயத்தை எப்படித்தான் குடிக்கிறீங்களோ" என்றார். ஒரு காலத்தில் நானும் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் சொல்லுங்கள்.

2012இல் ப்ராஜெக்ட் வேலையாக லண்டன் வந்தேன். அதுவரை எனக்குத் தெரிந்த பீர் ஒன்றுதான்: மஞ்சளாக இருக்கும், பாட்டில் வியர்த்திருக்கும், குடித்தால் பல் கூச வேண்டும். சென்னை வெயிலில் அதற்கு மேல் யார் யோசிக்கிறார்கள்? வந்த முதல் வெள்ளிக்கிழமை டீமோடு பப்புக்குப் போனோம். எல்லாரும் கின்னஸ் என்ற அயர்லாந்துக் கறுப்பு பீரை வாங்கினார்கள், நானும் வாங்கினேன். மேலே நுரை டிகிரி காபி மாதிரி கெட்டியாக, பார்க்கவே அழகு. வாயில் வைத்தால் அடிப்பிடித்த பால் பாத்திரத்தைக் கழுவி ஊற்றிய தண்ணீர். மரியாதைக்குப் பாதி குடித்துவிட்டு, மீதியை மறந்தவன்போல மேசையிலேயே விட்டு வந்தேன்.

இரண்டு வருடம் அந்தப் பக்கமே போகவில்லை.

அப்புறம் ஒரு பிப்ரவரி மாலை. நாள் முழுக்கத் தூறல், காலுறை வரை ஈரம். ஒதுங்கலாம் என்று நுழைந்த பப்பில் லாகர், அதாவது எனக்குத் தெரிந்த அந்த மஞ்சள் பீர், வரும் குழாய் பழுதாம். கையால் இழுத்து ஊற்றும் பம்ப் மட்டும்தான் வேலை செய்தது, அதில் இருந்தது ஃபுல்லர்ஸ் லண்டன் போர்ட்டர் என்ற கறுப்பு பீர். சரி, ஊற்றுங்கள் என்றேன். கோப்பையைத் தொட்டுப் பார்த்து, "இது சில்லென்றே இல்லையே" என்று புகார் வேறு செய்தேன். பாரில் இருந்த அம்மாவுக்கு என் அம்மா வயது இருக்கும். "இருக்கக் கூடாது, கண்ணு. ஐந்து நிமிஷம் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார். அப்புறம் குடி" என்றார். (அவர் சொன்னது 'லவ்'. எனக்குக் காதில் விழுந்தது கண்ணுதான்.)

உட்கார்ந்தேன். விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தபோதுதான் அது கறுப்பே இல்லை என்று தெரிந்தது. ஓரத்தில் மாதுளைச் சாறு மாதிரி சிவப்பு. மூக்கருகே கொண்டுபோனால் காபிக்கொட்டை வறுக்கும் கடையின் வாசனை. எங்கள் மேற்கு மாம்பலம் வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகும் வழியில் அப்படி ஒரு கடை இருந்தது, தினமும் அதைத் தாண்டித்தான் போவேன். முதல் வாயில் கசப்பு தெரிந்தது. ஆனால் முன்பு பயமுறுத்திய கசப்பு இல்லை. சர்க்கரை குறைத்துப் போட்ட இரண்டாம் டிக்காஷன் மாதிரி, பின்னாலேயே கொஞ்சம் வெல்லப்பாகு. கோப்பை காலியாக முக்கால் மணி நேரம் ஆனது.

இத்தனை நாள் தப்பு என் பக்கம்தான். ஐஸ் குளிரில் நாக்கு மரத்துப் போகும், வறுவல் மணம் அடங்கிவிடும், கசப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். இந்த ஊரில் அப்படிக் கையால் இழுத்து ஊற்றும் கேஸ்க் பீரைப் பதினொன்றிலிருந்து பதின்மூன்று டிகிரியில் கொடுப்பது இதனால்தான். 'வெதுவெதுப்பான பீர் குடிக்கிறவர்கள்' என்று நாம் கிண்டல் செய்வது வீண்.

அதற்கப்புறம் வரலாற்றுப் பைத்தியமும் பிடித்துக்கொண்டது. பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் தெருவிலும் தேம்ஸ் கரையிலும் மூட்டை தூக்கியவர்கள் விரும்பிக் குடித்ததால் போர்ட்டர் என்று பெயர். அவற்றில் கெட்டியான ரகம் 'ஸ்டவுட் போர்ட்டர்'. நாளடைவில் போர்ட்டர் உதிர்ந்து ஸ்டவுட் நின்றுவிட்டது. ஆக, எது போர்ட்டர் எது ஸ்டவுட் என்று சண்டை போடுகிறவர்கள் பெரியப்பா பிள்ளையும் சித்தப்பா பிள்ளையும்தான். எனக்கு மிகவும் பிடித்தது 1817 கதை. டேனியல் வீலர் என்பவர் சுற்றும் உருளையில் மால்ட்டை (முளைகட்டிக் காயவைத்த பார்லி) வறுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார், காபிக்கொட்டை வறுப்பது போலவே. அதன் பிறகு வெளிறிய மால்ட்டை நிறையப் போட்டு, கருக வறுத்ததைக் கொஞ்சம் சேர்த்தாலே நிறமும் மணமும் வந்துவிட்டன. என் மூக்கு காபிக் கடையைத் தேடிப் போனது சும்மா இல்லை.

டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு முனையில் டொமினியன் தியேட்டர் இருக்கிறதே, அந்த இடத்தில்தான் அப்போது ஒரு பெரிய போர்ட்டர் ஆலை. 1814 அக்டோபர் 17 அன்று அங்கே ஒரு ராட்சதத் தொட்டி உடைந்து, பீர் வெள்ளம் பின்னாலிருந்த ஏழைகள் குடியிருப்பில் புகுந்து எட்டுப் பேர் செத்தார்கள். அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

மாத்தளையான்:

அண்ணை, நீங்கள் சுற்றிப் போய்ச் சேர்ந்த இடத்தில் நான் தொடக்கத்திலேயே நின்றேன். எனக்கு முதல் பியரே எங்கள் இலங்கையின் லயன் ஸ்டவுட். மாமாதான் வாங்கித் தந்தவர். நுவரெலியாவில், மூக்கு நுனி விறைக்கிற குளிரில், பெரிய போத்தல் ஒன்றை இரண்டாகப் பங்கு போட்டுக் குடித்தோம். சரியான கைப்பு. மாமா ஒன்றும் கதைக்காமல் டெவல் பண்ணின, அதாவது உறைப்பாகப் பிரட்டின, மாட்டிறைச்சித் தட்டை என் பக்கம் தள்ளினார். கொச்சிக்காய் எரிவுக்கு மேல் ஒரு மிடறு விழுந்ததும் அதே கைப்பு சொக்கலேட் மாதிரி மாறிவிட்டது. இண்டைக்கும் கடிக்க உறைப்பான பைட் இல்லாமல் நான் ஸ்டவுட் தொடுவதில்லை.

ஆனால் அதை லேசாக எடுக்க வேண்டாம். மது 8.8 சதவீதம். மாமா பங்கு போட்டதன் காரணம் பிறகுதான் விளங்கியது. நுவரெலியாவில் பியர் காய்ச்சத் தொடங்கி வைத்தவர் சாமுவேல் பேக்கர், பிறகு ஆப்பிரிக்காவில் ஆல்பர்ட் ஏரிக்குப் பெயர் வைத்த அதே ஆள். இப்போது ஆலை கொழும்புப் பக்கம் பியகமவில். ஆனாலும் மலைநாட்டில் குடிக்கிற மாதிரி வராது. இது என் பிடிவாதம், விவாதத்துக்கு வரவில்லை.

கிள்ளான்காரன்:

எங்க வீட்டில் அது பீரே இல்லை, மருந்து. பிள்ளை பெற்ற உடம்புக்கு நல்லது, ரத்தம் ஊறும் என்று பக்கத்து வீட்டுச் சீன ஆச்சி எங்கம்மாவுக்கு ஸ்டவுட் கொடுத்த கதையை இன்னும் சொல்வார்கள். தாத்தா பச்சை முட்டையை அடித்து ஊற்றிக் குடிப்பார். நான் ஒரு தடவை முயற்சி செய்தேன், அது பற்றி இங்கே வேண்டாம்.

ரத்தம் ஊறும் என்பது வெறும் நம்பிக்கைதான். ஒரு கோப்பையில் இருக்கிற இரும்புச்சத்து ஒன்றுக்கும் காணாது, பாலூட்டும் தாய்க்கு மதுவும் ஆகாது. கின்னஸ் கம்பெனியே 1929இல் 'கின்னஸ் உங்களுக்கு நல்லது' என்று விளம்பரம் செய்தபோது ஆச்சியை மட்டும் எப்படிக் குறை சொல்வது? இன்னொன்று: கறுப்பாக இருப்பதால் 'ஸ்ட்ராங்' என்று நினைப்பவர்கள் நிறைய. நுரை பொங்கும் டிராட் கின்னஸ் 4.2 சதவீதம்தான், சாதாரண லாகரை விடவும் குறைவு. மாத்தளையார் சொல்வது வேறு சாதி.

மால்ட் கிறுக்கன்:

டொராண்டோவில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறேன். வீலர் கதையைச் சரியாகப் படித்திருந்தால் என் முதல் போர்ட்டர் பிழைத்திருக்கும். 20 லிட்டருக்கு ஐந்து கிலோ தானியம். கறுப்பு வேண்டுமே என்று அதில் ஒரு கிலோ கருக வறுத்த மால்ட்டைக் கொட்டினேன். கால் கிலோவே தாராளம். வந்தது பீர் இல்லை, அடுப்புச் சாம்பல் கரைத்த தண்ணீர். மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு, "பல் தேய்க்கலாம்" என்றாள். இரண்டு மாதம் வைத்தால் சரியாகும் என்று நம்பி வைத்தேன். ஆகவில்லை.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் நேரே கின்னஸுக்குப் போக வேண்டாம் என்பது என் கட்சி. அதில் போடுவது முளைவிடாத பார்லியை வறுத்தது, கசப்பு வறட்டுத்தனமாக வரும். மில்க் ஸ்டவுட் கிடைத்தால் அதில் தொடங்குங்கள். லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையைச் சேர்ப்பார்கள், ஈஸ்ட்டால் அதைத் தின்ன முடியாது, இனிப்பு அப்படியே தங்கிவிடும். லாகர் பழக்கத்தை விட முடியாதவர்களுக்கு ஜெர்மன்காரர்களின் ஷ்வார்ட்ஸ்பியர் இருக்கிறது: நிறம் கறுப்பு, உடம்பு லாகர்.

வெம்பிளிவாசி:

கிறுக்கரே, லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அதையும் ஒரு வரி சொல்லிவிடுங்கள், என் தம்பி அந்த ரகம்.

கஷாயம் என்று சொன்ன நண்பர் நேற்று மறுபடி வந்தார். பிரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்திருந்த போர்ட்டரை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, என்ன ஏது என்று சொல்லாமல் நீட்டினேன். முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அப்புறம் கேட்டார்: "சிக்கரி எத்தனை பங்கு போட்டிருக்காங்க?"