எட்ச் ரெசிஸ்டுக்கு ‘தடைமை’ வேண்டாம், ‘அரிப்புக்காப்பு’ சரிப்படுமா?

எல்லோருக்கும் வணக்கம்.

அச்சுச் சுற்றுப் பலகை (பிசிபி) செய்யும்போது, செம்பை அரிக்கும் கரைசல் வேண்டிய இடங்களைத் தொடாமல் இருக்க மேலே போடும் பூச்சுதான் எட்ச் ரெசிஸ்ட். அதற்கு இங்கே சிலர் சொன்ன ‘தடைமை’ என்ற சொல்லுக்கு இவ்வளவு ஆதரவு வரும் என்று நான் நினைக்கவில்லை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மின்னணுவியலில் தடை என்றாலே ஓம் கணக்குதான். மின்தடையைப் பத்தாம் வகுப்பிலேயே படித்துவிட்டு வருகிற பையனிடம் ‘பலகையில் தடைமை போடு’ என்றால், மின்சாரத்தைத் தடுக்கிற ஏதோ ஒரு மை என்றுதான் எடுத்துக்கொள்வான். நடப்பதோ நேர் எதிர். அந்த மை இருக்கிற இடத்தில்தான் செம்பு மிஞ்சும், அதில்தான் மின்சாரம் ஓடும். அப்புறம், ரெசிஸ்ட் எப்போதும் மையாகத்தான் இருக்கும் என்றும் இல்லை. தாளில் அச்சிட்டு இஸ்திரி வைத்துச் செம்பில் ஒட்டுகிற டோனரும் ரெசிஸ்ட்தான், ஒளிபட்டு இறுகும் படலமும் ரெசிஸ்ட்தான்.

தண்டையார்பேட்டையில் என் பட்டறைக்கு வரும் பாலிடெக்னிக் பசங்களை வைத்துத்தான் பேசுகிறேன், சொல் புழங்கப்போவது அவர்கள் வாயில்தானே. பழைய பிரின்டரில் கழற்றிய ஸ்டெப்பர் மோட்டார், ஆர்டுயினோ போர்டில் மோட்டாரை ஓட்டும் ஜிஆர்பிஎல் மென்பொருள், பேனாவைத் தூக்கி இறக்க ஒரு சின்ன செர்வோ, கணினி சொல்கிறபடி பேனாவை ஓட்டும் வரைவி (பிளாட்டர்) ரெடி. (‘வரைவி’யில் யாருக்கும் சண்டை இல்லை என்று நம்புகிறேன்.) செம்புத் தகட்டைப் பாத்திரம் தேய்க்கும் நாரால் பளிச்சென்று தேய்த்து, மேலே விரல் படாமல் ஓரத்தில் டேப் ஒட்டி, பேனா இருக்கும் இடத்தில் பெர்மனன்ட் மார்க்கரை மாட்டி மெதுவாக ஓட விடுவார்கள். ஒரு தரம் வரைந்தால் மை மெல்லியதாக நிற்கும், ஊசிமுனை அளவுப் பொத்தல்கள் இருக்கும். அதற்காக ஈரம் காய்வதற்குள் மறுபடி ஓட்டினால், மார்க்கரில் இருக்கும் கரைப்பானே முதல் பூச்சை இளக்கி இழுத்துக்கொண்டு போய்விடும். நன்றாகக் காயவிட்டு இரண்டாம் தரம் ஓட்டுவதுதான் வழி. டோனர் முறையிலிருந்து வருபவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: அங்கே ஒட்டும்போது படம் தானாகத் திரும்பிக்கொள்ளும், இங்கே நேராகச் செம்பின் மேல் வரைவதால், மேலிருந்து பார்க்கிற மாதிரி கணினியில் போட்ட அடிப்பக்கத் தடங்களைக் கண்ணாடிப் பிம்பமாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும்.

வரைந்ததும் பலகையைச் செம்பைக் கரைக்கும் பெரிக் குளோரைடு கரைசலில் போடும் நேரத்தில் புதுப் பையன் யாராவது கேட்பான்: “ண்ணா, மை போட்ட எடம் போவுமா, போடாத எடம் போவுமா?” நாம் தேடுகிற சொல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். ‘தடைமை’ சொல்லவில்லை.

எட்சிங்குக்கு, அதாவது கரைசலால் செம்பை அரித்தெடுப்பதற்கு, ‘பொறித்தல்’ போதும் என்றவர்களுக்கு: பொறித்தல் என்றால் முனையால் கீறுவது. கண்ணெதிரே ஒரு பேனா செம்பின் மேல் ஓடிக்கொண்டிருக்கும்போது அதைச் சொன்னால், பேனாதான் செம்பைக் கீறுகிறது என்று நினைப்பார்கள். அப்படிச் சுழல்முனையால் செதுக்கும் எந்திரமும் தனியாக இருக்கிறது, இரண்டும் குழம்பும். இங்கே பேனா காக்கிறது, கரைசல் அரிக்கிறது.

‘அரிப்பு’ என்றால் சொறி ஞாபகம் வருகிறது என்று ஒருவர் கிண்டல் செய்திருந்தார். வட சென்னைக் கரையில் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை யாரிடமும் கேட்டுப் பாருங்கள், அரிப்பு என்றால் முதலில் கடல் அரிப்புதான். 1870களில் கட்டத் தொடங்கிய சென்னைத் துறைமுகம் வடக்கே போகிற மணலை மறித்ததிலிருந்து தெற்கே மெரினா அகன்றது, வடக்கே கரை கரைந்தது. கல் கொட்டிய இடம் நிற்கும், கொட்டாத இடம் போகும். பையனின் கேள்விக்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை. கல்லுக்கு அடியில் அலை புகுந்து மண்ணை இழுப்பதுபோல் கரைசலும் மைக்கு அடியில் பக்கவாட்டில் தின்னும். செம்பு 35 மைக்ரான் தடிமன் என்றால் ஓரத்திலும் ஏறக்குறைய அதே அளவு போகும், அதிக நேரம் ஊறினால் இன்னும் கூடும். ஆங்கிலத்தில் அண்டர்கட் என்கிறார்களே, அதற்கு ‘அடியரிப்பு’ என்று வைத்துவிடலாம்.

ஆகவே என் பரிந்துரை ‘அரிப்புக்காப்பு’. மார்க்கர், டோனர், படலம் எல்லாவற்றுக்கும் பொது. பேனாவில் ஊற்றுவதை மட்டும் ‘காப்பு மை’ எனலாம். ‘அரிகாப்பு’ சுருக்கமாக இருக்கிறதே என்பீர்கள். எனக்கும் முதலில் அதுதான் பிடித்தது, ஆனால் அரிவாள் மாதிரி வினைத்தொகையாகி ‘அரிக்கிற காப்பு’ என்று பொருள் தலைகீழாகிவிடும். நீளம் பரவாயில்லை, பட்டறையில் எப்படியும் ‘காப்பு விட்டுப்போச்சு’ என்றுதான் சொல்லப்போகிறார்கள். மின்காப்போடு (இன்சுலேஷன்) மோதாதா என்றால், எதிலிருந்து காப்பு என்பது முன்னொட்டிலேயே இருக்கிறது.

வரைவி எங்கே அச்சிடுகிறது, பிறகு ஏன் ‘அச்சுச் சுற்றுப் பலகை’ என்ற கேள்வியை எடுக்காதீர்கள். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

எட்சன்ட்டுக்கு, அதாவது அரிக்கிற அந்தக் கரைசலுக்கு மட்டும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. ‘அரிப்பான்’ என்று எழுதலாம் என்றால், சில ஊர்களில் சல்லடையை அரிப்பு என்பார்களே என்று தயக்கம். இப்போதைக்கு ‘அரிப்புக் கரைசல்’ என்று எழுதிவருகிறேன். இதைவிடச் சின்னதாக ஒன்று யாரிடமாவது இருந்தால் போடுங்கள், மின்தடையோடு மோதாமல் இருந்தால் சரி.