பொத்தானைத் தொட்டவுடன் ஒலி வரவில்லை: ஊர் ஒலிச் செயலியில் தாமதம்

தறிச்சத்தம்:

அனைவருக்கும் வணக்கம். கணக்கெழுதும் வேலையில் இருக்கும் எனக்கு நிரல் எழுதுவது இரவுநேரப் பொழுதுபோக்கு மட்டுமே. எங்கள் ஊரின் ஒலிகளைப் பொத்தான்களாக அடுக்கி, தொட்டால் ஒலிக்கும்படி ஓர் ஆண்ட்ராய்டு செயலியைக் கோட்லின் என்ற நிரல்மொழியில் எழுதி வருகிறேன். விசைத்தறி ஓடும் சத்தம், குல்பி வண்டியின் மணி, பால்காரரின் ஹாரன், பரோட்டாக் கடையில் கொத்து போடும்போது கல்லில் எழும் தாளம் என்று 32 ஒலிகளை என் போனிலேயே பதிவு செய்து எம்பி3 கோப்புகளாக வைத்திருக்கிறேன். வெளிநாட்டில் வளரும் அக்காவின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய வேலை இது.

ஒவ்வொரு முறை தொடும்போதும் புதிதாக ஒரு மீடியாபிளேயரை (ஆண்ட்ராய்டின் ஒலிப்பான் கூறு) உருவாக்கி ஒலிக்க விடுகிறேன். தொடுவதற்கும் ஒலி கேட்பதற்கும் இடையே ஏறக்குறைய அரை நொடி கழிகிறது. பிள்ளைகள் அதற்குள் இரண்டாம் முறை தட்டிவிடுவார்கள். தொடர்ந்து இருபது முப்பது முறை தட்டினால் ஒலி முற்றிலும் நின்றுபோய், செயலியை மூடித் திறந்தால்தான் மீண்டும் வருகிறது. கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைத்தால் நிரலைச் செயலியாக மாற்றித் தரும் தொகுப்பான் ஏற்க மறுக்கிறது. இவற்றைச் சரிசெய்த பிறகு சில திரைப்பட நகைச்சுவை வசனங்களையும் சேர்த்து பிளே ஸ்டோரில் வெளியிட எண்ணியுள்ளேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இரவுநிரலர்:

வணக்கம் நண்பரே. மீடியாபிளேயர் நீண்ட பாடல்களுக்காக அமைந்தது. அது ஒவ்வொரு முறையும் கோப்பைத் திறந்து, சுருக்கிய ஒலியை அவிழ்க்கும் குறிவிலக்கியைத் தயார்செய்து, அதன் பிறகே ஒலிக்கத் தொடங்குவதால் உங்களுக்குத் தாமதம் தெரிகிறது. ஒலித்து முடிந்த பின் நீங்கள் அவற்றை ரிலீஸ் செய்யாமல், அதாவது விடுவிக்காமல், விடுவதால் அவை ஒவ்வொன்றும் போனின் ஒலி வளத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. வளம் தீர்ந்ததும் அடுத்ததற்கு இடமில்லாமல் போகிறது. முப்பதாவது தட்டலில் செயலி மௌனமாவதற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும்.

சிறு ஒலிகளுக்கென்றே ஆண்ட்ராய்டில் சவுண்ட்பூல் என்ற கூறு இருக்கிறது. செயலி திறக்கும்போதே கோப்புகளை எல்லாம் அவிழ்த்து நினைவகத்தில் வைத்துக்கொள்வதால், தொட்டவுடன் ஒலிக்க வேறு வேலை எதுவும் மீதமிருக்காது. புதிதாகத் தொடங்குபவர்கள் இரண்டு இடங்களில் இடறுகிறார்கள். கோப்பை லோட் செய்யும்போது, அதாவது நினைவகத்தில் ஏற்றும்போது, சவுண்ட்பூல் தானாக ஓர் எண்ணைத் திருப்பித் தரும். ஒலிக்கச் செய்யும்போது அந்த எண்ணைத்தான் கொடுக்க வேண்டுமே தவிர, ஒலிக் கோப்புகளை வைக்கும் ரா கோப்புறையில் அந்தக் கோப்புக்கு ஆண்ட்ராய்டு இட்ட வள எண்ணை அல்ல. ஏற்றும் வேலை பின்னணியில் நடப்பதால், அது முடிந்ததாக அறிவிப்பு வரும் முன்பே ஒலிக்கச் சொன்னால் பூஜ்ஜியம் திரும்பி வருமே ஒழிய ஒலி வராது. ஒரே நேரத்தில் எத்தனை ஒலிகள் சேர்ந்து கேட்கலாம் என்பதை ஐந்து அல்லது ஆறு என்று வரையறுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் தட்டினால் முன்னுரிமை குறைந்ததும் பழையதுமான ஒலி தானாக நிறுத்தப்படும்.

ரா கோப்புறையின் கோப்புப் பெயர்கள் நிரலுக்குள் மாறிகளின் (variables) பெயர்களாக ஆவதால் ஆங்கிலச் சிற்றெழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றுக்கு மட்டுமே அங்கு இடமுண்டு. பொத்தானில் தெரிய வேண்டிய தமிழ்ப் பெயரை, திரையில் காட்டும் சொற்களுக்கான சரங்கள் (strings) கோப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒலிப்பொறி:

முன்னவர் சொன்னது சரி. ஆனால் சவுண்ட்பூலுக்கு மாறிய பிறகும் தாமதம் முழுமையாகப் போகாது என்றே நினைக்கிறேன், ஏனெனில் அதில் ஒரு பங்கு கோப்புக்குள்ளேயே இருக்கக்கூடும். போனில் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டுக் கையை எடுத்து, மணி அடிப்பதற்காகக் காத்திருந்த அந்தக் கால் நொடி மௌனமும் உங்கள் கோப்பின் தொடக்கத்தில் பதிவாகியிருக்கும். நிரலை எவ்வளவு செப்பனிட்டாலும் அந்த மௌனத்தை அது உண்மையாக ஒலித்துக் காட்டத்தான் செய்யும். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஒவ்வொரு கோப்பையும் திறந்து, அலை எழும் இடத்திற்குச் சற்று முன்பு வரை வெட்டுங்கள். வெட்டும் இடம் அலையின் நடுவே அமைந்தால் 'டிக்' என்று கேட்கும்; இசட் விசையை அழுத்தினால் தேர்வின் எல்லை பூஜ்ஜியக் கோட்டைக் கடக்கும் புள்ளிக்கு நகர்ந்துவிடும். முப்பத்திரண்டு கோப்புகளுக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

எம்பி3 வடிவத்தையும் கைவிடுங்கள். குறியாக்கும்போதே அது தொடக்கத்தில் சிறு மௌனத்தைச் சேர்ப்பதோடு, 1,152 மாதிரிகள் (ஒலியலையின் அளவீடுகள்) கொண்ட துண்டுகளாக நிரப்பிக்கொள்வதால் இறுதியிலும் இடைவெளி விழுகிறது. தறிச் சத்தத்தை முடிவின்றிச் சுழல விட்டால் ஒவ்வொரு சுற்றிலும் தறி ஒரு கணம் நின்று ஓடுவதுபோல் கேட்கும். ஓஜிஜி வோர்பிஸ் என்ற ஒலி வடிவத்தில் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்று: சவுண்ட்பூலில் அவிழ்த்த ஒலி ஒன்றுக்கு ஒரு மெகாபைட் என்பது உச்சவரம்பு. 44,100 ஹெர்ட்ஸ் ஸ்டீரியோ என்றால் நொடிக்கு 1,76,400 பைட் ஆகிறது; ஆகவே ஏறக்குறைய ஐந்தரை நொடிக்கு மேல் உள்ளதை அது எந்த எச்சரிக்கையும் இன்றி வெட்டிவிடும். ஒற்றைத் தடமாக, அதாவது மோனோவாக மாற்றினால் இரு மடங்கு நேரம் கிடைக்கும். போனின் ஒலிபெருக்கியில் கேட்பவருக்குப் பெரிய இழப்பும் இல்லை. மாதிரி வீதத்தை, அதாவது நொடிக்கு எடுக்கும் மாதிரிகளின் எண்ணிக்கையை, 22,050 ஆகக் குறைத்தும் நேரத்தைக் கூட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். மனிதக் குரலுக்கு அது பொருந்தும்; குல்பி மணிக்கும் பரோட்டாக் கல்லுக்கும் பொருந்தாது. அந்த வீதத்தில் 11,025 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி எதுவும் மிஞ்சாததால், உலோகத்தின் கணீர் போய் மணி மரத்தில் செய்ததுபோல் ஆகிவிடும்.

தறிச்சத்தம்:

இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டு இரவுகள் செலவழித்துச் சவுண்ட்பூலுக்கு மாற்றி, கோப்புகளையும் வெட்டி ஓஜிஜியாக்கிவிட்டேன். ஒலி நின்றுபோவது அடியோடு தீர்ந்தது. ஒலிப்பொறி சொன்னபடியே ஹாரன் கோப்பின் முன்னால் மட்டும் 0.3 நொடி மௌனம் இருந்ததைப் பார்த்து எனக்கே வெட்கமாகிவிட்டது. 14 நொடி நீளமுள்ள கொத்துப் பரோட்டா, மோனோவாக்கிய பிறகும் இறுதியில் அறுபடுகிறது. மேலும், மிகச் சிறிய தாமதம் ஒன்று இன்னும் விரலுக்குத் தெரிகிறது. நான் புளூடூத் ஒலிபெருக்கியில் கேட்டுச் சோதிக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரவுநிரலர்:

புளூடூத்தில் ஒலியைக் குறியாக்கி அனுப்பி மீண்டும் அவிழ்ப்பதற்கே 0.1 முதல் 0.2 நொடி வரை ஆகக்கூடும்; உங்கள் நிரலால் அதைக் குறைக்க இயலாது. போனின் சொந்த ஒலிபெருக்கியில் சோதித்துவிட்டு முடிவுக்கு வாருங்கள். அதிலும் தாமதம் தெரிந்தால், வழக்கமான கிளிக் நிகழ்வு விரலை எடுக்கும்போதுதான் நிகழ்கிறது என்பதைக் கவனியுங்கள். விரல் படும் கணத்திலேயே ஒலிக்கச் செய்தால் வேறுபாடு நன்றாகத் தெரியும். ஆனால் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்க்கும் பட்டியலாக வைத்திருந்தால், தள்ள முயலும்போதெல்லாம் ஏதேனும் ஒன்று ஒலித்துத் தொலைக்கும். நான் எட்டெட்டுப் பொத்தான்களாக நான்கு பக்கங்களாகப் பிரித்து, கீழே உள்ள தாவல்களால் பக்கம் மாற்றும்படி செய்திருப்பேன்.

கொத்துப் பரோட்டாவை மட்டும் ஒரே ஒரு மீடியாபிளேயரில் முன்கூட்டியே தயார்செய்து வைத்து, அதையே மீண்டும் மீண்டும் பயன்படுத்துங்கள். செயலி மூடும்போது ரிலீஸ் செய்ய மறவாதீர்கள்.

மரப்பாச்சி:

நிரல் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டதால் வசனங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி திரைப்படத்திற்கும் ஒலிப்பதிவுக்கும் வெளியான பின் 60 ஆண்டுகள் உரிமை உண்டு. சொந்தப் பயன்பாடு, விமரிசனம் போன்றவற்றுக்கு 52ஆம் பிரிவு சில விலக்குகளைத் தருகிறது. வசனத்தைப் பொத்தானாக்கி ஊருக்கெல்லாம் கொடுப்பது அவற்றுக்குள் அடங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. 'ஐந்து நொடிதானே, விளம்பரம்கூட இல்லையே' என்ற வாதம் உங்களைக் காப்பாற்றும் என்று நம்பி இறங்காதீர்கள். உரிமையாளர் முறையிட்டால் செயலியே பிளே ஸ்டோரிலிருந்து நீக்கப்படலாம். கூடுதல் ஒலிகள் தேவையெனில் பிரீசவுண்ட் தளத்தில் தேடுங்கள். அங்கு ஒவ்வொரு ஒலிக்கும் தனித்தனி உரிமம் இருப்பதால், சிசி0 (உரிமையைத் துறந்து பொதுவில் விட்டது) என்றிருப்பதை அப்படியே எடுக்கலாம். பெயர் குறிப்பிடக் கோருவதற்குச் செயலியில் ஒரு நன்றிப் பக்கம் வேண்டும்.

என் சொந்தக் கருத்து, வசனச் செயலிகள் ஏற்கெனவே குவிந்து கிடக்கின்றன. விசைத்தறிக்கு ஒரு பொத்தான் வைத்த செயலியை நான் இதுவரை கண்டதில்லை. அதன் நடுவே வசனம் எதற்கு?

பிளே ஸ்டோரில் கணக்குத் தொடங்க 25 டாலர் ஒரு முறை கட்ட வேண்டும். 2023 நவம்பருக்குப் பின் தொடங்கிய தனிநபர் கணக்கென்றால், பொதுவெளியீட்டுக்கு முன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாட்கள் சோதனையில் இருக்க வேண்டும். அக்கா குடும்பத்திற்கு மட்டும் என்றால் நிறுவல் கோப்பை நேரடியாக அனுப்பினாலே போதும்.

தறிச்சத்தம்:

போனின் ஒலிபெருக்கியில் கேட்டேன். தாமதம் எனக்குத் தெரியவில்லை. வசனங்களைச் சேர்க்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். குல்பிக்காரர் மணியோடு குரலும் கொடுப்பதால், அதைப் பயன்படுத்தலாமா என்று நேற்று அவரிடமே கேட்டேன். தாராளமாகப் போடச் சொன்னவர், பழைய பதிவில் தொண்டை கட்டியிருந்ததாகவும் ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்து எடுத்துக்கொள்ளும்படியும் சொல்லியிருக்கிறார். சோதனைக்குப் பன்னிரண்டு பேரில் ஏழு பேர் சேர்ந்துவிட்டார்கள். இங்குள்ளவர்களில் யாருக்கேனும் விருப்பமிருந்தால் தனிமடலில் தெரிவியுங்கள்.