குடும்பக் குழு: மண்டூர்ப் பாதையும் கமராப் பெட்டியும்

நான் (இரவு 8:12)
எல்லாரிடமும் ஒரு யோசனை கேட்க வேண்டும். அக்கா மண்டூர்த் திருவிழாவுக்கு வருவதால், கமராச் சாமான் வைக்க ஒரு பெட்டி லண்டனிலிருந்து எடுப்பிக்க நினைக்கிறேன். காசு சேர்த்து வைத்திருக்கிறேன். எதை வாங்குவது என்பதில்தான் தடுமாற்றம். முதுகில் போடும் பையா, இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டியா?

மச்சான் (8:14)
போன மார்கழியில் நடந்ததை முதலில் சொல்லு மச்சான். அப்பதான் மச்சாளுக்கு விளங்கும்.

நான் (8:21)
மண்டூரில் ஒரு கலியாண வீட்டுக்குப் படம் எடுக்கப் போனேன் அக்கா. குருமண்வெளியில் பாதையில், ஆற்றைக் கடக்கிற அந்த மிதவைப் படகில், ஏறும்போது தூறல்தான். நடு ஆற்றில் கொட்டத் தொடங்கியது. பைக்கு மழையுறை போட்டிருந்தேன், மேலே ஒரு சொட்டும் இறங்கவில்லை. ஆனால் பையை வைத்த இடத்தில், தளத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த உறை மேலையும் பக்கத்தையும்தான் மூடும், அடி திறந்தே இருக்கும். அக்கரையில் தூக்கினேன், அடியிலிருந்து ஒழுகியது. பிளாஷ் ஒன்று அன்றைக்கே போய்விட்டது.

பெரிய நட்டம் பிறகுதான் தெரிந்தது. பை காய்ந்துவிட்டது என்று நினைத்து அலுமாரிக்குள் வைத்தேன். சில கிழமை கழித்து 85 லென்ஸை டோர்ச் லைட்டுக்குப் பிடித்துப் பார்த்தால், உள் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு புள்ளி. அதிலிருந்து சிலந்தி நூல் மாதிரி வெள்ளையாகக் கிளைவிட்டிருந்தது. பங்கஸ், ஈரத்தில் பிடிக்கிற பூஞ்சணம். கொழும்புக்குக் கொண்டுபோய்க் கழற்றித் துடைக்க வேண்டி வந்தது. கண்ணாடியின் பூச்சில் அதன் அடையாளம் இன்னும் இருக்கிறது.

கல்லடி மாமி (8:23)
ஐயோ மனே, இதை ஏன் அப்பவே சொல்லவில்லை?

லண்டன் அக்கா (8:30)
அப்படியென்றால் பெலிகன் கொம்பனியின் பிளாஸ்டிக் பெட்டிதான் தம்பி. இங்கே பெலி என்ற பெயரில் விற்கிறார்கள். 1510 என்று ஒன்று இருக்கிறது, சில்லும் இழுக்கிற கைபிடியும் உண்டு. வெளி அளவு 55.9 × 35.1 × 22.9 சென்டிமீட்டர். உன்னுடைய சாமான் எல்லாம் அதற்குள் போகும்.

மச்சான் (8:33)
வெறும் பெட்டி எத்தனை கிலோ மச்சாள்?

லண்டன் அக்கா (8:36)
ஐந்து கிலோவுக்கு மேல். உள்ளே ஸ்பொஞ்சும் சேர்ந்தால் ஆறு தாண்டுகிறது. கையில் ஏழு கிலோ மட்டும் விடுகிற விமானங்களும் இருக்கின்றன, அதையும் பார்க்க வேண்டும்.

மச்சான் (8:41)
அப்போ அது சரிவராது. இவன் மோட்டார் சைக்கிளில் திரிகிறவன். சில்லு விமான நிலையத்துத் தரைக்கு நல்லது. பாதை இறங்கி மணலில் இழுத்தால் உருளாது, உழும். சாமானோடு பன்னிரண்டு பதின்மூன்று கிலோவை ஒரு கையில் தூக்கிக்கொண்டு பொண்ணு மாப்பிள்ளைக்கு முன்னால் பின்பக்கமாக நடக்க முடியுமா? இன்னொன்று, ரயிலில் கொழும்புக்குப் போகும்போது அந்தக் கறுப்புப் பெட்டியைக் கண்டாலே உள்ளே விலையான சாமான் என்று தெரிந்துவிடும். பழைய பை என்றால் ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

நான் (8:43)
நீ சொல்வது சரி. ஆனால் பை திரும்பவும் நனையுமே மச்சான்.

பெரியப்பா (8:58)
மகன், ஸ்டூடியோ நடத்தியவன் என்றபடியால் ஒன்று சொல்கிறேன். 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி அடித்தபோது என்னுடைய நெகட்டிவ் முழுவதும் ஒரு தகரப் பெட்டியில் இருந்தது. பெட்டி உடையவில்லை, நசுங்கவும் இல்லை. மூடி இடுக்கால் தண்ணீர் போய்விட்டது. நான் கூரை, சுவர் என்று ஓடித் திரிந்து பல நாள் கழித்துத்தான் திறந்தேன். நெகட்டிவ் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகக் கிடந்தது. பிரிக்கப் பிரிக்க முகங்கள் தோலாக உரிந்து வந்தன. எத்தனை பேருடைய கலியாணப் படம் அதில்.

ஆகவே மூடிக்கு ரப்பர் வளையம் உள்ள பெட்டி கட்டாயம். ஆனால் அது தண்ணீரை வெளியே நிறுத்துகிற மாதிரியே உள்ளே இருக்கிற ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். நனைந்த கமராவைப் போட்டுப் பூட்டினால் உன் பையைவிட மோசம். பெட்டியை வழிக்கு வாங்கு. வீட்டில் சாமான் வேறு இடத்தில் இருக்கட்டும். நான் கண்ணாடி அலுமாரிக்குள் சின்ன பல்ப் ஒன்றை இரவு பகலாக எரியவிட்டுத்தான் லென்ஸ்களைக் காப்பாற்றினேன்.

நான் (9:04)
பெரியப்பா, இது எனக்குத் தெரியாத கதை. 😔

நீங்கள் சொன்ன பிறகு விளங்குகிறது. எனக்குப் பெட்டி தேவைப்படுவது பாதையிலும் வான் வண்டியிலும் போகும்போது மட்டும்தான். இறங்கியதும் இரண்டு கமராவையும் தோளில் போட்டுவிடுவேன். அப்படியென்றால் சில்லும் வேண்டாம், அவ்வளவு பெரிதும் வேண்டாம். அக்கா, 1510ஐ விடச் சின்னது என்ன இருக்கிறது?

லண்டன் அக்கா (9:12)
1500. உள் அளவு 42.5 × 28.4 × 15.5. ஸ்பொஞ்சோடு மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் கூட. ஐபி67 என்று போட்டிருக்கிறார்கள். 6 என்றால் தூசி உள்ளே போகாது, 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும்.

மச்சான் (9:13)
அது நம்மட கச்சான் காற்றுக்கும் உதவும். அந்த நேரம் கல்லடிக் கடற்கரையில் படம் எடுத்தால் பையின் ஜிப்புக்குள் எல்லாம் மண்.

நான் (9:34)
*படம்*

பாயில் பேப்பர் விரித்து, அம்மாவின் தையல் டேப்பால் 42.5க்கும் 28.4க்கும் கோடு போட்டுச் சாமானை அடுக்கிப் பார்த்தேன். 70-200 லென்ஸ் நீளப்பக்கமாகப் படுக்கிறது. அதற்குப் பக்கத்தில் கமரா இரண்டு, 24-70, 85, பிளாஷ் ஒன்று. இரண்டாவது பிளாஷுக்கு இடமில்லை, அது தோள்பைக்குள் போகட்டும். தடுப்புக்கும் சாமானுக்கும் இடையில் ஒரு விரல் விட்டுத்தான் வைத்திருக்கிறேன்.

லண்டன் அக்கா (9:37)
உள்ளே எது வேண்டும்? சதுரம் சதுரமாகப் பிய்த்து எடுக்கிற ஸ்பொஞ்சா, ஒட்டிக் கழற்றி இடம் மாற்றுகிற தடுப்பா? தடுப்பு விலை கூட.

நான் (9:40)
தடுப்பு அக்கா. பிய்த்த ஸ்பொஞ்சைத் திரும்ப ஒட்ட முடியாது, நாளைக்கு லென்ஸ் மாறினால் குழி மாறாது. ஸ்பொஞ்ச் நனைந்தால் காயவும் நாளாகும். விலை கூடினாலும் பரவாயில்லை.

பெரியப்பா (9:44)
ஒவ்வொரு முறை மூட முன்னும் அந்த ரப்பர் வளையத்தை விரலால் ஒருதரம் தடவிப் பார். ஒரு மணல், ஒரு தலைமயிர் குறுக்கே கிடந்தாலும் போதும், அந்த இடத்தால் தண்ணீர் வரும்.

அப்புறம், பொண்ணு வெளிக்கிடுகிற அறையில் ஏசி போட்டிருந்தால் கமராவை அங்கேயே பெட்டிக்குள் வைத்து மூடி, வெளியே வந்து அரை மணி நேரம் கழித்துத் திற. குளிர்ந்த கண்ணாடி நம்முடைய காற்றுப் பட்டவுடன் வியர்த்துவிடும்.

கல்லடி மாமி (9:47)
வீட்டில் வைக்க என்னிடம் மா போடுகிற பெரிய பெட்டி இருக்கிறது மனே. மூடியில் ரப்பர் இருக்கு, நாலு பக்கமும் கிளிப். இரண்டு வாங்கினேன், ஒன்று சும்மாதான் கிடக்கிறது.

நான் (9:51)
அது நல்ல யோசனை மாமி. கழுவிக் காய வைத்துத் தாருங்கள், மாத்தூள் ஒட்டியிருந்தால் லென்ஸுக்குள் போகும். சிலிக்கா ஜெல்லும் ஒரு சின்ன ஈரமானியும் உள்ளே போடுவேன். ஈரப்பதம் நாற்பது வீதத்துக்கும் ஐம்பது வீதத்துக்கும் இடையில் நின்றால் போதும்.

அக்கா, சிலிக்கா ஜெல் நிறம் மாறுகிறதாக எடுங்கள். நீலம் வேண்டாம், அதில் கோபால்ட் குளோரைட் இருக்கும். செம்மஞ்சள் நிறத்தில் வருவதை வாங்குங்கள். ஈரம் குடித்தால் பச்சையாகும், சூடாக்கித் திரும்பப் பாவிக்கலாம்.

கல்லடி மாமி (9:52)
என்னுடைய கேக் சுடுகிற அவன் அடுப்பில் சூடாக்க வேண்டாம்.

நான் (9:53)
இல்லை மாமி. பழுதுபார்த்து வைத்திருக்கிற பழைய அவன் அடுப்பு இருக்கிறது, அதில் செய்கிறேன்.

லண்டன் அக்கா (9:58)
சரி, 1500 ஒன்று, தடுப்போடு. உள்ளே பிள்ளைகளின் உடுப்பை அடைத்து லக்கேஜில் போட்டுக் கொண்டுவருகிறேன். நீ கேட்ட பற்றரி இரண்டும் என் கைப்பையில் வரும், தனி லிதியம் பற்றரியை லக்கேஜில் போட விடமாட்டார்கள். நிறம் சொல்லு. கறுப்பு, மஞ்சள், செம்மஞ்சள் இருக்கிறது.

மச்சான் (9:59)
கறுப்பு வெயிலில் கொதிக்கும்.

கல்லடி மாமி (10:01)
அது மிதக்குமா?

லண்டன் அக்கா (10:02)
சாமானோடும் மிதக்கும் மாமி.

கல்லடி மாமி (10:02)
அப்போ மஞ்சள் எடு புள்ள. ஆற்றில் விழுந்தாலும் தோணிக்காரனுக்குத் தூரத்திலேயே தெரியும்.

நான் (10:03)
மஞ்சள்தான் அக்கா. காசு நாளைக்குக் காலையில் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன்.