அஜீத்துக்கு உப்புத்தாள் போட்ட கதை

கே.புதூர் டிங்கர்:

முப்பது வருடமாக பஸ் பாடிக்குத் தகடு அடிக்கிறவன் நான். விமானம் என்றால் அண்ணாந்து பார்த்ததோடு சரி. மாமனார் வீடு அவனியாபுரத்தில். மொட்டைமாடியில் பாய் போட்டுப் படுத்தால் இறங்குகிற விமானத்தின் வயிறு தெரியும். அவ்வளவுதான் பழக்கம்.

மதுரைக்குத் தெற்கே ஒரு கல்லூரியில், விமானப்படை கழித்துவிட்ட போர் விமானம் ஒன்று வந்திருக்கிறது, காட்சிக்கு வைக்கத் தகடு வேலை இருக்கிறது என்று கூப்பிட்டார்கள். பெயர் அஜீத் என்றார்கள். என்னோடு வந்த இரண்டு பையன்களும் விசில் அடித்துவிட்டார்கள். நடிகர் பெயர் அல்ல, வெல்ல முடியாதவன் என்று பொருள் என அங்கிருந்த ஆசிரியர் விளக்கினார். பையன்களுக்கு அதிலும் ஆட்சேபம் இல்லை.

போய்ப் பார்த்தால் எனக்கு ஏமாற்றம். போர் விமானம் என்றதும் மனதில் ஏதோ பெரிதாக நினைத்திருந்தேன். மூக்கிலிருந்து வால் வரை ஒன்பது மீட்டர்தான், நம் டவுன் பஸ் இதைவிட நீளம். இறக்கையின் இந்த நுனியிலிருந்து அந்த நுனிக்கு ஏழு மீட்டர்கூட இல்லை. தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது. பெயின்ட் வெளுத்து, வயிற்றுப் பக்கம் அலுமினியம் பூத்து, வெள்ளைப் பொடி உதிர்ந்துகொண்டிருந்தது. பத்து நாள் வேலை என்று கணக்குப் போட்டு ரேட் சொன்னேன். நான்கு மாதம் ஆனது. அந்த நஷ்டத்தை இங்கே எழுத வேண்டாம்.

முதல் நாள் இரண்டு டஜன் உப்புத்தாளும் கிரைண்டரும் எடுத்துக்கொண்டு போய் இடது பக்கத்தில் ஆரம்பித்தேன். ஒரு சாண் கூடத் தேய்த்திருக்க மாட்டேன். வேப்பமரத்தடியில் மொபெட்டை நிறுத்திவிட்டு ஒரு பெரியவர் வேகமாக வந்தார். "தம்பி, கையை எடுங்கள். இது பஸ் இல்லை" என்றார். விமானப்படையில் வேலை பார்த்தவர், கல்லூரி கேட்டுக்கொண்டதால் வந்து போகிறவர் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது.

அவர் ஒன்றும் பேசவில்லை. ஒரு துண்டுத் தகட்டை எடுத்து அதன் ஓரத்தைக் காட்டினார். பல இடங்களில் ஒரு மில்லிமீட்டர் தடிமன்தான். விமானத் தகடு கலப்பு உலோகம், வலு அதிகம், ஆனால் சீக்கிரம் அரிக்கும். அதனால் இரண்டு முகத்திலும் சுத்த அலுமினியத்தை மெல்லிய தோல் மாதிரி ஒட்டி உருட்டியிருப்பார்கள். நான் கிரைண்டர் வைத்தால் முதலில் போவது அந்தத் தோல். அது போய்விட்டால் அதற்கு மேல் எத்தனை கோட் அடித்தாலும் உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும்.

அடுத்தது பட்டி. பஸ்ஸில் பள்ளம் தெரிந்தால் பட்டி வைத்துத் தேய்த்துப் பெயின்ட் அடித்துவிடுவோம், ஐந்து வருடம் நிற்கும், அதற்குள் பஸ்ஸே மாறிவிடும். இங்கே பட்டிக்கு அடியில் ஈரம் தங்கினால் தகடு உள்ளுக்குள் பொரிந்து மேலே எழும்பும், பூரி உப்புவது மாதிரி. அந்தப் பெரியவர் சொன்னதை அப்போது நான் பாதிதான் நம்பினேன்.

முழுக்க நம்பியது ஐப்பசி மழைக்குப் பிறகு. விமானத்தில் நிறைய திருகுகள் காணாமல் போயிருந்தன. எல்லாம் அங்குல அளவு, இங்கிலாந்துக் கணக்கு. என்னிடம் இருந்த மில்லிமீட்டர் ஸ்பேனர் எதுவும் பிடிக்கவில்லை. பழைய அம்பாசடர் கார் பார்க்கிற நண்பரிடம் கடன் வாங்கித்தான் சமாளித்தேன். திருகு கிடைக்காத இடங்களில், பெரியவருக்குத் தெரியாமல், கடையில் வாங்கிய சாதாரண இரும்புத் திருகைப் போட்டு மேலே பெயின்ட் தொட்டுவிட்டேன். ஒரே மழைக்காலம். ஒவ்வொரு திருகிலிருந்தும் அழுத பெண்ணின் கண்மை மாதிரி துரு வழிந்து நின்றது. அது கூடப் பரவாயில்லை. திருகைச் சுற்றி அலுமினியம் வெள்ளையாகப் பொங்கியிருந்தது. இரண்டு வேறு உலோகம், நடுவில் மழைத்தண்ணீர்: டார்ச் பேட்டரியில் நடப்பதுதான் இங்கேயும். அதில் முதலில் கரைவது பெரும்பாலும் அலுமினியம்தான். கழற்றும்போது நாற்பதுக்கு மேல் இருந்தது. பெரியவர் ஸ்டூல் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார், திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இப்போது எவர்சில்வர் திருகு போட்டு, தலைக்கு அடியில் பிரைமர் தடவித்தான் முறுக்குகிறேன். எவர்சில்வரும் முழு யோக்கியம் இல்லை. ஆனால் சின்னத் திருகு, பெரிய தகடு என்பதால் சேதம் மெதுவாகத்தான் நடக்கும், நடுவில் பிரைமர் இருந்தால் இன்னும் குறையும். அந்த மஞ்சள் குரோமேட் பிரைமர் நச்சு. முகமூடி இல்லாமல் யாரும் தேய்க்காதீர்கள். துண்டைக் கட்டிக்கொண்டால் போதும் என்று நினைக்கிற என் இனத்தாருக்காகச் சொல்கிறேன்.

முன்னாள் விமானப்படை ஃபிட்டர், உசிலம்பட்டி:

தம்பி எழுதியதில் ஒரு திருத்தம். திருகு முப்பத்தேழு. நாற்பதுக்கு மேல் இல்லை.

எண்ணுவது எங்கள் தொழிலில் ஊறிப்போனது. ஒவ்வொரு ஸ்பேனருக்கும் பலகையில் அதன் உருவம் வரைந்திருக்கும். மாலையில் ஒரு உருவம் காலியாக இருந்தால், அது கிடைக்கிற வரை விமானம் பறக்காது, நாங்களும் வீட்டுக்குப் போக மாட்டோம். ஒரு முறை சின்ன ஸ்குரூடிரைவருக்காக இரவு பதினொரு மணி வரை ஆறு பேர் தேடினோம். அது ஒருவரின் காலுறைக்குள் இருந்தது. அவர் இன்றைக்கும் எனக்குத் தீபாவளி வாழ்த்து அனுப்புகிறார், பெயர் சொல்ல மாட்டேன்.

எண்பதுகளில் ஆறு வருடம் இந்த ரகத்தில் வேலை பார்த்தேன். இதன் தாய் நாட் என்கிற ஆங்கிலேய விமானம், 1955இல் முதலில் பறந்தது. நாட் என்றால் கொசு மாதிரி ஒரு பூச்சி. 1965 போரில் பாகிஸ்தானின் சேபர் விமானங்களை இது வீழ்த்தியதால் சேபர் கொல்லி என்றே பெயர் வந்தது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரைத் தாக்க வந்த சேபர்களை எதிர்த்து விமானி நிர்மல் ஜித் சிங் செகோன் எழும்பிப் போனதும் நாட் விமானத்தில்தான். விமானப்படையில் பரம்வீர் சக்கரம் பெற்றவர் அவர் ஒருவரே. அந்த நாட் விமானத்தை நம் அரசு விமானத் தொழிற்சாலையான எச்.ஏ.எல். மேம்படுத்தியதுதான் அஜீத். எரிபொருளை இறக்கைக்குள்ளேயே வைத்ததால், முன்பு வெளித்தொட்டி தொங்கிய இடத்தில் ஆயுதம் மாட்ட முடிந்தது. 1991இல் ஓய்வு கொடுத்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1965 செப்டம்பரில் ஒரு நாட் பாகிஸ்தானின் பஸ்ரூரில் இறங்கிவிட்டது. அது இன்றும் கராச்சியில் அவர்களுடைய விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. கல்லூரிப் பையன்களிடம் இதைச் சொன்னபோது ஒருவனுக்குப் பிடிக்கவில்லை, "அதை ஏன் சார் சொல்கிறீர்கள்" என்றான். காட்சிக்கு வைத்தால் முழுக்கதையும்தான் வைக்க வேண்டும் என்றேன். எழுத்துப்பலகையில் அந்த வரியைச் சேர்க்க வைத்தேன்.

வேலையைப் பற்றி. சக்கரக் கதவுகளை மூடியே வைத்து ரிவெட் அடித்துவிடலாம், பார்க்க அழகாக இருக்கும் என்று யாரோ யோசனை சொன்னார்கள். இந்த விமானத்தின் தந்திரமே அதில்தான் இருக்கிறது. பறக்கும்போது சக்கரங்களைப் பாதி இறக்கினால் அவையே வேகத்தடையாக வேலை செய்யும். தனியாக ஏர்பிரேக் கிடையாது. அந்தக் கதவுகளை மூடி ஒட்டினால் விமானம் பொம்மையாகிவிடும். நல்ல வேளை, கேட்டார்கள்.

பழைய விமானங்களைத் தொடுகிறவர்கள் இரண்டு இடத்தில் கை வைக்காதீர்கள். விமானி தப்பிக்கிற இருக்கையில் வெடிமருந்துக் குப்பி இருக்கும். எடுத்துவிட்டோம் என்று காகிதத்தில் இருந்தாலும், தெரிந்தவர் கண்ணால் பார்த்துச் சொல்லும் வரை அதில் உட்காரக் கூடாது. இன்னொன்று, சில பழைய ரக விமானங்களின் அளவிகளில் இருட்டில் ஒளிர ரேடியம் பூசியிருப்பார்கள். ஒளி செத்திருக்கும், கதிர்வீச்சு சாகாது. பாதியாகக் குறையவே 1600 வருடம். கண்ணாடியைத் திறந்து துடைக்கிற ஆர்வம் யாருக்கும் வரக் கூடாது.

தம்பி அன்று ஒரு சாண் தேய்த்தாரே, அந்த இடத்தை அப்படியே விடச் சொன்னேன். பிறகு தண்ணீர் தொட்டு, கையால், மெதுவாகத் தேய்த்தோம். சாம்பல் நிறத்துக்குக் கீழே பச்சை. பச்சைக்குக் கீழே இன்னொரு பச்சை. அதற்கும் கீழே, இங்கே மிதிக்காதே என்கிற எழுத்தின் பாதி. அச்சுத்தகடு வைத்து இதே எழுத்தை நான் எத்தனை விமானத்தில் அடித்திருப்பேன். அதன் மேல் பெயின்ட் அடிக்க மாட்டேன் என்று தம்பியே சொன்னார். இப்போதும் அந்தச் சதுரம் மட்டும் மேலே தெளிவான வார்னிஷோடு திறந்தே இருக்கிறது. வருகிறவர்கள் வேலை பாதியில் நிற்கிறது என்று நினைக்கிறார்கள்.

அந்தக் கல்லூரி மாணவி:

விமானப்படையின் வட்டச் சின்னம் வரைந்த கதையை இருவரும் மறைத்துவிட்டார்கள்.

சைன்போர்டு எழுதுகிற அண்ணன் ஒருவர் வந்தார். ஆணியும் நூலும் வைத்து, காம்பஸ் தோற்கிற அளவுக்கு வட்டம் போட்டார். ஒரே மூச்சில் நிறமும் அடித்துவிட்டார். வெளியே பச்சை, நடுவில் வெள்ளை, உள்ளே காவி. எங்கள் யாருக்கும் தெரியவில்லை, படம் எடுத்துப் பகிர்ந்தும் விட்டோம். மறுநாள் விமானப்படை சார் வந்து பார்த்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. "வெளியே காவி, உள்ளே பச்சை" என்றார். அந்த அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். திரும்ப வரைந்ததற்குக் கூலி வாங்க மறுத்துவிட்டார்.

விமானி உட்காரும் இடத்துக்கு மேலே உள்ள கண்ணாடிக் கூண்டைக் கெடுத்தது நான். பெயின்ட் துளி தெறித்திருந்தது, தின்னர் தொட்டுத் துடைத்தேன். துளி போய்விட்டது. அரை மணியில் அந்த இடம் முழுக்க முடி முடியாக வெடிப்பு. அது கண்ணாடி இல்லை, அக்ரிலிக். தின்னர் பட்டால் இப்படித்தான் ஆகும். இப்போது லேசான சோப்புத் தண்ணீரும், தாத்தாவின் பழைய வேட்டித் துணியும்தான். அந்த வெடிப்பு என் உள்ளங்கை அளவு இருக்கிறது. சாயங்கால வெயில் அதில் விழும்போது எல்லோருக்கும் முன்னால் எனக்குத் தெரிந்துவிடும்.

ஆயுத பூஜைக்கு மூக்கில் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழமும் வைத்தோம். டிங்கர் அண்ணன்தான் முதலில் வைத்தார். குங்குமக் கறை புதிய பெயின்டில் இறங்கிவிட்டது. அடுத்த வருடம் முதல் விமானத்துக்கு முன்னால் ஒரு மனைப்பலகை போட்டு அதற்கு வைக்கிறோம்.

திருமங்கலத்திலிருந்து ஒருவர்:

விசாகப்பட்டினத்தில் டி.யு.142 பார்த்தேன். கடற்படையின் ராட்சத உளவு விமானம், 29 வருடம் பறந்து 2017இல் நம் அரக்கோணம் தளத்தில்தான் ஓய்வு பெற்றது. பிரித்து, கடற்கரைச் சாலையில் மறுபடி பூட்டி, அதே ஆண்டு டிசம்பரில் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். உள்ளே நடந்து போகலாம். எதிரே குர்சுரா நீர்மூழ்கி. அருமையாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அலைச்சத்தம் கேட்கிற தூரத்தில் அலுமினியம். டிங்கர் அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு அந்த உப்புக்காற்றைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஊர் வறண்ட வெயிலுக்கு இந்த ஒரு நன்மையாவது இருக்கிறது.

காரைக்குடிக்காரர்:

எங்கள் பக்கம் செட்டிநாட்டில் இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளம் கிடக்கிறது. விமானம் இல்லை, ஓடுதளம் மட்டும். சைக்கிள் பழகியது அதில்தான். நேராக ஓட்டப் பழகினேன். திருப்பத் தெரியாமல் ஊருக்குள் வந்து பால்காரர் மேல் விழுந்தேன். உங்களிடம் விமானம், எங்களிடம் தளம். சேர்த்து வைத்தால் நன்றாகத்தான் இருக்கும்.

கல்லூரி வாட்ச்மேன்:

எல்லோரும் போய்விடுவீர்கள், இரவு பகலாகப் பக்கத்தில் இருப்பவன் நான். பெரிய எதிரி மழையும் இல்லை, மாணவர்களும் இல்லை. புறா. எச்சம் ஒரு வாரம் கிடந்தால் பெயின்டைத் தின்றுவிட்டுத் தகட்டுக்கு இறங்கிவிடுகிறது. இன்ஜினுக்குக் காற்று போகிற இரண்டு வாயிலும் கம்பி வலை அடித்தோம். வலது பக்க வலை ஓரத்தில் விலகி, உள்ளே குஞ்சு இருக்கிறது, சத்தம் கேட்கிறது. குஞ்சு பறக்கிற வரை யாரும் கை வைக்க வேண்டாம் என்று பெரியவர் சொல்லிவிட்டார்.

வாலுக்கு அடியில் டிங்கர் போட்ட வடிகால் ஓட்டையும் அடைத்திருக்கிறது. நேற்று மழையில் தண்ணீர் சொட்டவே இல்லை. சனிக்கிழமை வரும்போது ஏணியும் மெல்லிய கம்பியும் கொண்டு வாருங்கள். இங்கே இருந்த ஏணியைப் பந்தல்காரர் எடுத்துப் போனவர் இன்னும் தரவில்லை.