அவசரம்: ஹெர்ரிங் குழம்பு கூழாகிவிட்டது, இன்னும் ஒரு கிலோ பாக்கி

குழம்புச்சட்டி – வெள்ளி மாலை 5:12
வணக்கம். மலிவாகக் கிடைத்ததே என்று 2 கிலோ ஹெர்ரிங் வாங்கிவிட்டேன். மத்தி மாதிரிதான் இருக்கிறது என்று பாதியை வழக்கம்போல் குழம்பு வைத்தேன். மூடியைத் திறந்தால் மீனே இல்லை, கூழ். அதற்குள் தலைமுடி போல முள். போதாததற்கு நாக்கில் ஒரு கசப்பு வேறு. மீதி ஒரு கிலோ அப்படியே இருக்கிறது. நாளை மதியம் விருந்தாளிகள் வருகிறார்கள், நான்கு பேர். எங்கே தப்பு? சீக்கிரம் சொல்லுங்கள்.

அடுப்படி அக்கா – 5:20
எந்த நாட்டில் இருக்கிறீர்கள்? முழு மீனா, முள் எடுத்ததா? குடல் யார் எடுத்தது? எவ்வளவு நேரம் கொதித்தது? மீதி மீன் ஃபிரிட்ஜிலா, ஃப்ரீசரிலா? இதெல்லாம் தெரியாமல் சொன்னால் அது கிளி ஜோசியம்தான்.

ரசப்பொடி – 5:24
கசப்பு என்றால் பித்தப்பை. சந்தேகமே வேண்டாம். குடலை இழுக்கும்போது உடைந்திருக்கும். வயிற்றுக்குள் மஞ்சளாகவோ பச்சையாகவோ கறை இருந்ததா பாருங்கள். இருந்தால் அந்த இடத்தை வெட்டி எறிய வேண்டியதுதான், கழுவினால் போகாது.

ஐஸ்பெட்டி – 5:31
ஃப்ரீசரில் வைத்து எடுத்தீர்களா? உறைந்து இளகிய மீன் கூழாகத்தான் ஆகும். உள்ளே இருக்கும் நீர் பனிக்கட்டியாகிச் சதையைக் கிழித்துவிடும். எனக்கும் ஒரு முறை நடந்தது, அது வஞ்சிரம் என்றாலும்.

ஆழ்கடல் – 5:40
கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. “வழக்கம்போல்” என்பது அளவும் இல்லை, நேரமும் இல்லை. உங்கள் வழக்கம் எங்களுக்கு எப்படித் தெரியும்? வடகடல் மீன்களைப் பற்றி இங்கே பல வருடங்களாக எழுதி வருகிறேன், தேடிப் படித்திருந்தால் இந்த இழைக்கே அவசியம் இருந்திருக்காது. ஹெர்ரிங் குழம்புக்கான மீன் அல்ல. அவ்வளவுதான்.

குழம்புச்சட்டி – 5:52
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதினேன். சுவீடன். முழு மீன், கடையிலேயே தலையும் குடலும் எடுத்துக் கொடுத்தார்கள். ஃப்ரீசரில் வைக்கவில்லை. இன்று காலை வாங்கியது.

அடுப்படி அக்கா – 5:55
சரி தம்பி, அந்த “வழக்கம்போல்” இன்னும் பாக்கி இருக்கிறது. எத்தனை நிமிடம்?

குழம்புச்சட்டி – 6:03
புளி, மிளகாய்த்தூள் கொதித்ததும் மீனைப் போட்டு மூடி 25 நிமிடம். நடுவில் இரண்டு மூன்று தரம் கிளறினேன். மத்திக்கு அப்படித்தான் வைப்போம், ஒன்றும் ஆகாது.

அடுப்படி அக்கா – 6:05
25 நிமிடமா! அதற்குக் கரண்டி வேறா! பித்தப்பையையும் ஃப்ரீசரையும் விடுங்கள், கூழுக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

ரசப்பொடி – 6:08
கூழுக்கு. கசப்புக்கு இல்லை.

வடக்கன் – 6:15
நான் நோர்வேயில் இருக்கிறேன். இங்கே எங்கள் ஆட்கள் பலர் ஆரம்ப காலத்தில் வடக்கே ஃபின்மார்க் பக்கம் மீன் தொழிற்சாலைகளில்தான் வேலை செய்தார்கள், அதனால் மீன் கதை கேட்டால் விடிய விடியச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் ஹெர்ரிங் குழம்பு வைப்பதுண்டு, ஆழ்கடல் ஐயா கோபிக்க வேண்டாம். பழப்புளியும் தூளும் போட்டுக் குழம்பு நன்றாக வற்றி எண்ணெய் தெளிந்த பிறகுதான் மீன் இறங்கும். 5 நிமிடம். கரண்டி படக்கூடாது, சட்டியின் காதைப் பிடித்துச் சுழற்ற வேண்டும். ஊரில் சூடை மீனுக்கும் அம்மா அப்படித்தான் செய்வார்.

முள்வாங்கி – 6:38
ஸ்டாக்ஹோமில் 9 வருடம் இருந்தவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், நாளை மதியம் என்பதால்.

முதலில் மீதி மீனை ஃபிரிட்ஜில் மிகவும் குளிரான இடத்தில், முடிந்தால் ஐஸ் பரப்பிய தட்டின் மேல் வையுங்கள். எண்ணெய் மீன் சீக்கிரம் கெடும். வெளியில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நச்சு சேரும், அப்புறம் எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது.

அடுத்து முள். வயிற்றுக் கீறலை வால் வரை நீட்டுங்கள். மீனைப் புத்தகம் போல விரித்துத் தோல் மேலே இருக்கும்படி பலகையில் கவிழ்த்து, முதுகின் நீளத்துக்குக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போங்கள். சதை முள்ளை விட்டு விலகுவது விரலுக்குத் தெரியும். திருப்பிப் போட்டு, நடுமுள்ளைக் கழுத்துப் பக்கம் பிடித்து வால் நோக்கி இழுத்தால் விலா முள்ளில் பாதிக்கு மேல் கூடவே வந்துவிடும். முதல் மூன்று மீன் கந்தலாகும். நான்காவதிலிருந்து கை பழகிவிடும். மிச்சம் இருக்கும் மயிர் முள்ளைத் தேடி எடுக்க உட்காராதீர்கள், பைத்தியம் பிடிக்கும். மொறுமொறுப்பாகப் பொரித்தால் அது வாயில் தெரியாது. குழம்பில்தான் தெரியும், ஏனென்றால் சதை கரைந்து முள் மட்டும் மிதக்கிறது.

நடுமுள்ளுக்கு அடியில் ஒரு கறுத்த ரத்தக் கோடு ஓடும். அது மீனின் சிறுநீரகம். கடையில் குடல் எடுத்தாலும் அது அப்படியேதான் இருக்கும். குழாய்த் தண்ணீரில் நகத்தால் சுரண்டி எடுங்கள். கசப்புக்கு என் சந்தேகம் அதன் மேல்தான்.

இனி சமையல். விரித்த மீனில் உப்புத் தூவி 20 நிமிடம், சதை இறுகும். துடைத்துவிட்டு இரண்டு மீனைச் சதையோடு சதை சேர்த்து ஒட்டுங்கள். இந்த ஊர்க்காரர்கள் நடுவில் சதகுப்பைக் கீரையும் வெண்ணெயும் வைப்பார்கள். நான் இஞ்சி, பூண்டு, மிளகாய், கொஞ்சம் சோம்பு அரைத்துத் தடவுவேன். வெளியே கம்பு மாவு... மன்னிக்கவும், ரை மாவு. பக்கத்துக்கு 3 நிமிடம், வெண்ணெயும் எண்ணெயும் கலந்து. உருளைக்கிழங்கு மசியலோடு சாப்பிட்டால் ஸ்டாக்ஹோமில் ஸ்லுசென் பகுதியின் வண்டிக் கடை ஞாபகம் வரும். சோறும் ரசமும் இருந்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

மிஞ்சினால் 1-2-3 தெரியுமா? 12 சதவீத வினிகர் ஒரு பங்கு, சர்க்கரை இரண்டு, தண்ணீர் மூன்று. காய்ச்சி ஆறவைத்து, பொரித்த மீன் மேல் ஊற்றி, சிவப்பு வெங்காயம், மசாலா மிளகு (ஆல்ஸ்பைஸ்), பிரிஞ்சி இலை போட்டு ஒரு இரவு ஃபிரிட்ஜில். வினிகரில் ஊறினால் மிச்ச முள்ளும் மெத்தென்று ஆகிவிடும்.

ரசப்பொடி – 6:44
ரத்தக் கோடு கசக்கும் என்று முதல் முறையாகக் கேள்விப்படுகிறேன். பித்தப்பைதான்.

ஓட்ஸ் – 6:50
ஸ்காட்லாந்தில் ரை மாவெல்லாம் கிடையாது, ஓட்ஸ்தான். பொடித்த ஓட்ஸில் புரட்டிப் பொரித்துப் பாருங்கள், நம் ரவா மீன் தோற்றுவிடும்.

எலுமிச்சை – 7:02
பொரிப்பானேன்? பச்சையாகவே எலுமிச்சை, உப்பு, வெங்காயத்தில் ஊறவைத்தால் ஹாலந்தில் சாப்பிடுகிற மாதிரி ஆகாதா?

முள்வாங்கி – 7:06
ஆகாது. ஹாலந்தில் சாப்பிடுவது புளிப்பில் வெந்ததல்ல, உப்பில் பக்குவமானது. கணையத்தை மட்டும் உள்ளே விட்டு மற்றக் குடலை எடுப்பார்கள், அதில் இருக்கும் என்சைம்தான் வேலை செய்கிறது. அதோடு அந்த மீனை முதலில் உறையவைத்தாக வேண்டும், அனிசாகிஸ் என்ற புழுவுக்காக. -20 டிகிரியில் 24 மணி நேரம் என்பது ஐரோப்பிய விதி. எலுமிச்சைக்கு அந்தப் புழு சாகாது. விருந்தாளிகளை வைத்துச் சோதனை வேண்டாம்.

கடற்கரைச்சாலை – 7:15
எல்லாரும் மத்தி மத்தி என்கிறீர்கள். மத்தி வேறு, ஹெர்ரிங் வேறு.

நாஞ்சில்காரன் – 7:18
மத்தி என்று சொல்வதே தப்பு. அது சாளை.

கடற்கரைச்சாலை – 7:21
சென்னைக்கு வந்து சாளை என்று கேட்டுப் பாருங்கள். இங்கே அது கவலை.

நாஞ்சில்காரன் – 7:22
காசு கொடுத்துக் கவலை வாங்கும் ஊர் உங்களுடையதுதான்.

வடக்கன் – 7:30
சூடை என்று ஒன்று இருப்பதை இரண்டு பேரும் மறந்துவிட்டீர்கள்.

ஆழ்கடல் – 7:41
மத்தி, சாளை, சூடை, கவலை என்று ஊருக்கு ஒரு மீனுக்கு ஒட்டிக்கொள்ளும் பெயர்கள் இவை. ஒரே மீனைத்தான் பேசுகிறீர்கள் என்பதற்கே உத்தரவாதம் இல்லை. ஹெர்ரிங் இவற்றுக்கு உறவு, அவ்வளவே. எண்ணெய் மத்தி வெப்பக் கடல் மீன், இது குளிர்கடல் மீன். இப்போதாவது யாராவது உருப்படியான கேள்வி கேட்பீர்களா? அவர் வாங்கியது எந்த ஹெர்ரிங்? சுவீடனில் கடைப் பலகையில் “சில்” என்று இருந்ததா, “ஸ்ட்ரோமிங்” என்று இருந்ததா?

குழம்புச்சட்டி – 8:10
ஸ்ட்ரோமிங். ஹெர்ரிங் தானே அது? சின்னதாக, ஒரு சாண் கூட இல்லை. மனைவி 5 மாதம், மீன் சாப்பிடட்டும் என்றுதான் வாங்கினேன்.

ஆழ்கடல் – 8:14
இதை முதல் வரியில் சொல்லியிருக்க வேண்டும்.

அடுப்படி அக்கா – 8:15
ஐயா, அவர் பயந்துவிடப் போகிறார். விளக்கமாகச் சொல்லுங்கள்.

ஆழ்கடல் – 8:29
இரண்டும் ஒரே இனம்தான். கால்மருக்கு வடக்கே பால்டிக் கடலில் பிடித்தால் ஸ்ட்ரோமிங் என்பது சுவீடன் வழக்கம். பால்டிக்கில் உப்பு குறைவு, மீனும் சிறியது, கொழுப்பும் பொதுவாகக் குறைவு. அதனால்தான் 25 நிமிடத்துக்குத் தாங்கவில்லை. சிக்கல் என்னவென்றால் பால்டிக்கின் எண்ணெய் மீன்களில் டயாக்சின் என்ற நச்சுப்பொருள் சேர்கிறது. ஐரோப்பிய வரம்பைத் தாண்டினாலும் உள்நாட்டில் விற்கச் சுவீடன் விலக்கு வாங்கி வைத்திருக்கிறது, பதிலுக்கு மக்களுக்கு அறிவுரை சொல்கிறது. குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், இனிமேல் பிள்ளை பெறக்கூடிய பெண்கள் எல்லாரும் வருடத்துக்கு 2 அல்லது 3 தடவைக்கு மேல் சாப்பிட வேண்டாம் என்பது அந்நாட்டு உணவுத் துறையின் அறிவுரை. இது வருடக்கணக்கில் உடம்பில் சேரும் பொருளைப் பற்றியது. ஒரு வேளை குழம்பால் எதுவும் ஆகிவிடாது. ஆனால் வாராவாரம் வாங்க நினைத்திருந்தால் மேற்குக் கடற்கரையின் “சில்” வாங்குங்கள், அதற்கு இந்த அறிவுரை பொருந்தாது.

அடுப்படி அக்கா – 8:33
இதை மாலை 5:40க்கே கேட்டிருக்கலாம் நீங்கள். ஆனாலும் நன்றி.

ஐஸ்பெட்டி – 8:40
அப்படியானால் மீதி ஒரு கிலோவை ஃப்ரீசரில் வைத்துவிடலாமே?

முள்வாங்கி – 8:42
ஐஸ்பெட்டி, உங்களை எதற்கு அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று இப்போதுதான் புரிகிறது.

அடுப்படி அக்கா – சனி மாலை 4:05
தம்பி, என்ன ஆயிற்று? வந்தார்களா?

நாஞ்சில்காரன் – சனி மாலை 4:30
நேற்றைய விஷயத்துக்கு ஒரு கடைசி வார்த்தை: எங்கள் சந்தையில் எழுதியே வைத்திருப்பார்கள், சாளை என்று.

குழம்புச்சட்டி – ஞாயிறு காலை 9:48
ரை மாவில் பொரித்தேன், தட்டு காலி. மூன்று மீன் இல்லை, ஆறு மீன் கந்தலானது. மனைவிக்குக் கோழி. கசப்பு வெந்தயமாம், கருகவிட்டது நான்தான் என்று அவர் சொல்கிறார். எல்லாருக்கும் நன்றி.

ரசப்பொடி – ஞாயிறு 9:55
வயிற்றில் மஞ்சள் கறை இருந்ததா என்று நீங்கள் கடைசி வரை சொல்லவே இல்லை.

கடற்கரைச்சாலை – ஞாயிறு 10:20
நாஞ்சில்காரரே, எழுதியிருந்த பலகையின் படம் இருக்கிறதா?