குடியரசுத் தலைவர் பதவி நீக்கம்: அவைக்கு வராதவர்களும் கணக்கில் உண்டா?

வழிப்போக்கன்:
அரசியல் சாசனத்தின் பிரிவு 61இன்படி மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்கிறார்கள். வாக்கெடுப்பு நாளில் மக்களவைக்கு 450 பேர்தான் வந்தால் 300 ஓட்டு போதுமா? சாசனத் திருத்தத்துக்கு அப்படித்தானே?

சட்டப்பித்தன்:
போதாது. திருத்த மசோதாவுக்கு வந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கும், மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும் வேண்டும். உங்கள் 300 அங்கே தேறிவிடும். 61இல் மொத்த உறுப்பினர் எண்ணிக்கையை வைத்தே கணக்கு. மக்களவையின் 543க்கு 362, மாநிலங்களவையின் 245க்கு 164. வராதவர், வாக்களிக்காமல் உட்கார்ந்திருப்பவர் எல்லாரும் எதிர்த்து வாக்களித்ததற்குச் சமம்.

நடைமுறையை எந்த அவையிலும் தொடங்கலாம். நான்கில் ஒரு பங்கு உறுப்பினர்கள் (136 அல்லது 62 பேர்) கையெழுத்திட்டு, 14 நாள் முன்பே எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். அந்த அவையில் தீர்மானம் நிறைவேறினால் மற்ற அவை விசாரிக்கும், அல்லது விசாரிக்க ஏற்பாடு செய்யும். குடியரசுத் தலைவர் நேரில் வரலாம், வழக்கறிஞரையும் அனுப்பலாம். அங்கும் அதே பெரும்பான்மை கிடைத்தால் அன்றே பதவி போய்விடும்.

கடைசிபெஞ்ச்:
யார் வாக்களிப்பது என்பதில்தான் பலர் தடுமாறுவார்கள். தேர்ந்தெடுக்கும்போது ஓட்டுப் போட்ட எம்.எல்.ஏ.க்களுக்கு நீக்குவதில் வேலையே இல்லை. தேர்தலில் ஓட்டு இல்லாத நியமன எம்.பி.க்களுக்கு இங்கே உண்டு!

குற்றச்சாட்டு ஒன்றே ஒன்றுதான்: சாசனத்தை மீறியது. எது மீறல் என்று வரையறை கிடையாது. அமைச்சரவை சொன்னபடி நடப்பவரை அதே அமைச்சரவையின் பெரும்பான்மை எதற்கு நீக்கப்போகிறது? இதுவரை ஒருவரும் இப்படி நீக்கப்படாததற்கு எனக்குத் தெரிந்து இதுதான் முதல் காரணம்.

வழிப்போக்கன்:
விசாரணை நடக்கும்போது அவர் மசோதாவில் கையெழுத்துப் போடலாமா?

சட்டப்பித்தன்:
போடலாம். இடைநீக்கத்துக்கு 61இல் இடமில்லை. தென்கொரியாவில் நேர்மாறு: நாடாளுமன்றம் தீர்மானத்தை நிறைவேற்றியதுமே அதிகாரம் முடங்கும், பிறகு அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளிக்கும். 2024 டிசம்பர் 14இல் அதிபர் யூன் சுக் யோலுக்கு எதிராக 300இல் 204 பேர் வாக்களித்தார்கள். 2025 ஏப்ரல் 4இல் நீதிமன்றம் அவரை நீக்கியது.

அங்கும் மொத்த எண்ணிக்கைதான் கணக்கு. அந்த வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு, டிசம்பர் 7இல், ஆளுங்கட்சியினர் பெரும்பாலும் வெளியேறியதால் 195 பேரே வாக்களித்தார்கள். தேவை 200. தீர்மானம் அப்படியே செத்துப்போனது. அமெரிக்க செனட்டில் இந்த உத்தி பலிக்காது. அங்கே வந்திருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு போதும், எதிர்ப்பவர் வெளியேறினால் குற்றம் சாட்டுபவருக்குத்தான் லாபம்.